தரவை வீதியில் தரவை இல்லை

சென்ற திங்கட்கிழமை தரம் 7இல் கடிதம் எழுதுதல் பாடம். அனுப்புநர் முகவரியில் இருந்து தொடங்கினோம். பிள்ளைகள் வீட்டு இலக்கத்தையும் வீதிப் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாங்கில் இருந்த மகள் ஒருத்தி எழும்பி நின்றாள்.

"சேர், எங்கட ரோட்டுக்கு தரவை வீதி எண்டு பேர். தரவை எண்டா என்ன சேர்?"

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்லாமல் வகுப்பைக் கேட்டோம். கடைசி வாங்கில் இருந்து ஒரு மகன் கையை உயர்த்தினான்.

"தரவு எண்டா டேட்டா சேர். தரவை எண்டா டேட்டாவை."

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். இரண்டாம் வேற்றுமை உருபைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறான், அதற்குப் புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். "டேட்டா ரோட்டுல இரிக்கிறா, அவக்கு சிக்னல் நல்லா வரும்" என்றான் இன்னொருவன். அந்தப் பிள்ளை முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்தாறு பிள்ளைகள். ஒருவருக்கும் தெரியவில்லை. வெண்கட்டியைக் கையில் எடுத்த பிறகுதான், எங்களிடமும் ஒற்றை வரியில் எழுதக்கூடிய பொருள் இல்லை என்பது விளங்கியது. 'புல்வெளி' என்று எழுதி அழித்தோம். 'சதுப்பு நிலம்' என்று எழுதி அதையும் அழித்தோம். மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றம்" என்று வெளியே வந்தோம்.

அந்த நாளைக்கு உரிய பதில்தான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பாறைக் கரையோரத்து ஊர்களின் கிடப்பைத் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்ல வேண்டும். கிழக்கே கடல். கடலை ஒட்டி, அதற்குச் சமாந்தரமாக நீளும் மணல் மேடு. ஊர் இருப்பது அந்த மேட்டில்தான். கடற்கரையில் இருந்து பிரதான வீதி வரைக்கும் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். பிரதான வீதியைத் தாண்டி மேற்கே நடந்தால் நிலம் இறங்கத் தொடங்கும். அதற்கும் அப்பால் வயல், வட்டை வட்டையாக. மேட்டுக்கும் வயலுக்கும் நடுவே கிடந்த அந்தப் பள்ளம்தான் தரவை. இப்போது அந்தப் பள்ளத்தில்தான் எங்கள் பாடசாலையின் புதிய கட்டடம் நிற்கிறது. அந்தப் பிள்ளை எழும்பிக் கேள்வி கேட்டதே தரவைக்கு மேலே நின்றுதான்.

தரவையை ஒரு சொல்லில் விளக்க முடியாததற்குக் காரணம், அது ஆண்டு முழுவதும் ஒரே பொருளாக இருப்பதில்லை. மாரி தொடங்கி, வாடைக் காற்று திரும்பி, இரண்டு பெரிய மழை விழுந்தால் அது தண்ணீர். மேற்கே வயல்களில் இருந்து வடிச்சல் வாய்க்கால்களால் வருகிற நீர் முழுக்க அங்கே வந்து பரவும். ஆழம் அதிகமில்லை, கரண்டைக் காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே. தை கழிந்து நீர் இறங்கத் தொடங்கினால் அது சேறு. மாசி, பங்குனியில் புல். அதன் பிறகு கச்சான் காற்று வீசி, வளவெல்லாம் காய்ந்து, தென்னை மட்டை தானாக விழுகிற காலத்திலும் அங்கே மட்டும் பச்சை இருக்கும். அடியில் ஈரம் கிடப்பதால்.

சதுப்பு நிலம் என்று எழுதி அழித்தது அதனால்தான். சதுப்பு என்றால் கால் புதையும், ஆள் ஒதுங்கிப் போவான். தரவையில் மாடு படுத்திருக்கும். பிள்ளைகள் பந்து அடிப்பார்கள். நாங்கள் ஐந்தாம் வகுப்பு படிக்கிற காலத்தில் எங்கள் கிரிக்கெட் மைதானம் அதுதான். மாரியில் அதே இடத்தில் வாழைக்குற்றியைக் கட்டி மிதந்திருக்கிறோம். புல்வெளி என்று எழுதியதும் சரிவராது. புல்வெளிக்கு மழை வெளியில் இருந்து வரும் விருந்தாளி. தரவைக்கு மழைநீர் வீட்டுக்காரன். ஆறு மாதம் வெளியூர் போயிருப்பான், திரும்பி வருவான்.

எங்கள் மூத்தாப்பாவுக்குப் பதினெட்டு மாடுகள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாது, அறபெழுத்து மட்டும் கூட்டி ஓதுவார். ஆனால் நிலத்துக்கு அவரிடம் இருந்த சொற்களை எண்ணினால் எங்கள் புவியியல் புத்தகம் வெட்கப்படும். வெளி வேறு, வட்டை வேறு, மடு வேறு, ஓடை வேறு, தரவை வேறு. "மடுவுல தண்ணி நிக்கும், ஓடையில தண்ணி ஓடும், தரவையில தண்ணி படுக்கும்" என்பார். அதைவிட நல்ல வரைவிலக்கணத்தை நாங்கள் இன்னும் எங்கும் படிக்கவில்லை. திங்கட்கிழமை அது நினைவுக்கு வராமல் போனது எங்கள் பிழை.

பெரும்போக விதைப்புக்கு முன்னால் கன்னிக்கூட்டம் கூடும். இன்ன திகதிக்குள் வயல் பக்கத்தில் இருந்து மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று அங்கே முடிவாகும். வட்டவிதானை வந்து சொல்லிவிட்டுப் போவார். அதன் பிறகு மாடு வயலில் இறங்கினால் தண்டம். அறுவடை முடிந்தால்தான் மறுபடி ஒட்டுக்குள் விடலாம். இடையில் மாடு எங்கே நிற்கும்? பட்டி பெரிதென்றால் மேற்கே காட்டோரம் கொண்டுபோவார்கள். எங்கள் மூத்தாப்பாவைப் போன்ற சிறிய ஆட்களுக்குத் தரவையின் மேட்டு ஓரம்தான். நீர் ஏற ஏற மாடும் ஏறும், நீர் இறங்க இறங்க அதன் பின்னாலேயே புல்லைத் தின்றுகொண்டு இறங்கும்.

அந்த மாடுகளைப் பார்த்தவர் பக்கத்துத் தமிழ் ஊரைச் சேர்ந்த ஓர் அண்ணன். மூத்தாப்பா அவரைத் தம்பி என்பார், அவர் மூத்தாப்பாவை நானா என்பார். கன்றில் பங்கு, பாலில் பங்கு என்று வாய்ப்பேச்சில் ஓடிய கணக்கு. 1990இல் அது நின்றது. ஏன் நின்றது என்று கிழக்கில் வாழ்கிறவர்களுக்கு எழுத வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் இழந்தது. 2002 சமாதான காலத்தில் ஒரு நாள் அந்த அண்ணன் சைக்கிளில் வந்தார். மூத்தாப்பா அப்போது கட்டிலோடு. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள், அதிகம் பேசவில்லை. போகும்போது அவர் பின்பக்கம் போய்த் தரவையைப் பார்த்துவிட்டு, "ஆக்காட்டி இன்னும் நிக்குது நானா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக்காட்டியைப் பார்த்திருப்பீர்கள். மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், மாட்டுச் சாணமும் கல்லும் கிடக்கிற இடத்தில் முட்டையிடும். ஆள் கிட்டப் போனால் எழும்பித் தலைக்கு மேல் சுற்றிக் கத்தும். இரவில் அது கத்தினால் தரவையில் யாரோ நடக்கிறார்கள் என்று அர்த்தம். யுத்த காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் உம்மா விளக்கை அணைத்துவிடுவார். இப்போது அந்தச் சத்தமும் இல்லை. அணைக்க விளக்குகள் மட்டும் நிறைய இருக்கின்றன.

ஆண்களின் தரவை மாடு என்றால் பெண்களின் தரவை பன். மூத்தம்மாவும் பக்கத்து வீட்டுச் சாச்சிமாரும் விடியச் சுபஹு தொழுதுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பன் வெட்டப் போவார்கள். வெட்டிய பன்னைக் காயப்போட்டு, சிவப்பும் பச்சையும் நாவலும் சாயம் போட்டுப் பாய் இழைப்பார்கள். தொழுகைக்கு ஒரு பாய், மாப்பிள்ளைக்கு ஒரு பாய், மையித்துக்கும் ஒரு பாய். பொன்னாங்காணியும் வல்லாரையும் அங்கேதான். நீர் வடிகிற நாட்களில் பனையானும் விராலும் குட்டைகளில் அகப்படும், அதற்குப் பையன்கள் நாங்கள். ஒரு ஏழைப் பெண் கணவன் இல்லாமல் நான்கு பிள்ளைகளை வளர்க்கக்கூடிய அளவுக்குத் தரவையில் வருமானம் இருந்தது. எங்கள் மூத்தம்மாவின் தங்கை அப்படித்தான் வளர்த்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இப்போது ஓய்வுபெற்ற அதிபர். பன்பாய் விற்ற காசில் படித்தவர். அவர் வீட்டில் இன்று நாங்கள் இருப்பது பிளாஸ்டிக் பாயில்.

ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் விடுதியில் எங்கள் அறையில் ஆறு பேர். மூதூர், கிண்ணியா, காத்தான்குடி, புத்தளம் என்று ஆறு ஊர். இரவில் சோறு செமிக்கும் வரை சொற்சண்டை நடக்கும். உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள், அதற்கு என்ன சொல்வீர்கள் என்று. ஒரு நாள் தரவை வந்தது. மூதூர்க்காரர் உடனே, "அது வில்லு" என்றார். இல்லை, வில்லு வேறு, தரவை வேறு என்று இன்னொருவர். மகாவலி கடலுக்கு இறங்குகிற வெள்ளச் சமவெளியில் இருக்கிறவை வில்லுகள். ஆறு பெருகினால் நிரம்பும், வற்றினால் நடுவில் நீரும் சுற்றிலும் புல்லுமாக நிற்கும். யானைகள் அந்தப் புல்லை நம்பித்தான் கோடையைக் கழிக்கின்றன. வெளிநாட்டு ஆய்வாளர்களும் அதை 'வில்லு' என்றே எழுதுகிறார்கள், அவர்களிடம் அதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை போலும். வில்பத்துவின் பெயரிலேயே அது இருக்கிறது. சிங்களத்தில் 'வில' என்றால் பொய்கை. பொத்துவில், தம்பிலுவில், கொக்குவில், இணுவில் என்று நம் ஊர்ப் பெயர்களின் வாலில் தொங்குகிற 'வில்'லும் அந்த உறவுதான் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு.

அறையில் புத்தளத்துக்காரர் என்று நாங்கள் அழைத்தவர் உண்மையில் புத்தளத்துக்காரர் இல்லை. அவருடைய குடும்பம் மன்னார்ப் பக்கம். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் தாயின் மடியில் குழந்தை. வளர்ந்தது முழுக்கப் புத்தளத்தில் அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலில். அந்த மனிதர் வில்லைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். எந்தக் கரை மணல், எந்தக் கரை களி, எந்த மாதம் எந்தப் பக்கம் மாடு மேயும் என்று. நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டோம். "நான் இன்னும் பாக்கல்ல. வாப்பா சொல்லுவாரு" என்றார். அறையில் சத்தம் அடங்கிவிட்டது. நிலம் பறிபோனவர் சொல்லைப் பத்திரமாக வைத்திருந்தார். நிலம் கையில் இருந்த நாங்கள் சொல்லை வீதிப் பலகையில் மாட்டிவிட்டு மறந்துபோனோம்.

தமிழ்ப் பாடம் எடுக்கிறவர்கள் ஆண்டுதோறும் ஐந்திணையைக் கற்பிக்கிறோம். குறிஞ்சி மலை, முல்லை காடு, மருதம் வயல், நெய்தல் கடல், பாலை வறண்ட நிலம். எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, வயல் இருக்கிறது. மாடு மேய்க்கிற முல்லையின் வேலையும் நடந்தது, ஆனால் காட்டில் இல்லை, கடலுக்கும் வயலுக்கும் நடுவில். தரவையை எந்தத் திணையில் வைப்பது? ஒரு முறை இதை ஆசிரியர் செயலமர்வு ஒன்றில் கேட்டோம். வளவாளர் தேநீர் இடைவேளையை அறிவித்தார்.

பெப்ரவரி 2 உலக ஈரநில தினம். எங்கள் பாடசாலையிலும் பேச்சுப்போட்டி வைத்தோம். முதலிடம் பெற்ற மகள் அழகாகப் பேசினாள். 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உடன்படிக்கை, 1990இல் பூந்தல நமது நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலம், 2018இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம். ஒரு தகவலும் பிழையில்லை, எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்தானே. 'ஈரநிலம்' என்ற சொல்லை அவள் பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பாள். தரவை என்ற சொல்லை ஒரு தடவையும் சொல்லவில்லை. நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.

இனி எழுதக் கஷ்டமான பகுதி.

தரவையை நிரப்பியது யார்? வெளியூர்க்காரனா, கம்பனிக்காரனா? இல்லை. நாங்கள்தான். இதில் எங்கள் குடும்பமும் அடக்கம்.

எங்கள் பகுதி வழமை தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் மூன்று குமர் உள்ள வாப்பா மூன்று வீடு கட்ட வேண்டும். எங்கள் வாப்பாவுக்கு மூன்று குமர். மூத்த ராத்தாவுக்கு உம்மாவின் வீடு என்று முடிவு. கடற்கரையில் இருந்து மூன்றாவது ஒழுங்கையில் இருந்த அந்த வீட்டை 2004 டிசம்பர் 26 கொண்டுபோய்விட்டது. உயிர்கள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். பிறகு, கிழக்கில் கரையில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். பின்னாளில் அதைத் தளர்த்தினார்கள்தான். ஆனால் அந்த ஓரிரு ஆண்டுகளில் ஊர் முழுக்க மேற்கே திரும்பிப் பார்த்துவிட்டது. மேற்கே கிடந்தது தரவை. சும்மா கிடந்தது. இந்த 'சும்மா கிடக்கிற காணி' என்ற சொல் எங்கள் ஊருக்குள் வந்தது அப்போதுதான். தரவை என்ற சொல் போனதும் அப்போதுதான்.

நெற்காணி என்றால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் நிரப்ப முடியாது, நிரப்பினால் கேள்வி வரும். நெல்லுக்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. புல்லுக்கு யார் கேட்பார்? ஒரு நாளைக்கு இருபது டிப்பர் கிரவல் போனது. பன் வேரோடு அடியில் போனது. பத்துப் பத்துப் பேர்ச்சாகத் துண்டு போட்டார்கள். வாப்பா இரண்டு துண்டு வாங்கினார், ஒன்று சின்ன ராத்தாவுக்கு, ஒன்று தங்கச்சிக்கு. பழைய உறுதியில் அந்தக் காணிக்குத் 'தரவைவெளி' என்று பெயர் எழுதியிருந்தது. எங்கள் கைக்கு வந்த புதிய உறுதியில் துண்டு இலக்கம் மட்டும்தான். வாப்பா மாட்டை விற்றுக் கிரவல் போட்டார். மூத்தாப்பா மௌத்தாகி அப்போது ஒரு வருடம். அவர் இருந்திருந்தாலும் தடுத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறோம். பேத்தி குமராக இருக்கும்போது புல்லைப் பற்றி யார் பேசுவார்?

வாப்பாவைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்த மனிதரின் இடத்தில் நாங்கள் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் கணக்கு கணக்குத்தான். போன வாரம் வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து அதைப் போட்டுப் பார்த்தோம். ஓர் ஏக்கர் தரவையில் ஓர் அடி உயரத்துக்கு நீர் படுத்திருந்தால் அது ஏறத்தாழ 12 இலட்சம் லீற்றர். 6,000 லீற்றர் பௌசரில் ஏற்றினால் இருநூறுக்கு மேல். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். பாதைக்கு விட்டது போகப் பத்துப் பேர்ச்சாக ஒரு பதின்மூன்று, பதினான்கு வீடு வரும். அந்தப் பதினான்கு வீட்டுக்காரரும் நிரப்பும்போது இருநூறு பௌசர் தண்ணீரை வேறு யாருடைய வீட்டுக்கோ அனுப்பிவைத்தோம். யாருடைய வீடு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

2024 நவம்பர் கடைசி வாரம் பதில் வந்தது. மழை நிற்கவேயில்லை. வயல் வெள்ளம் வடிச்சலால் வந்தது, படுக்க இடம் தேடியது. தோணாவின் வாயை வெட்டிவிட எங்கள் இளைஞர்கள் மண்வெட்டியோடு போனார்கள், பிறகு இயந்திரமும் வந்தது. அதற்குள் தங்கச்சி வீட்டுக்குள் இடுப்பளவு. உம்மா அங்கேதான் இருந்தார், முழங்கால் நோவு, நடக்க முடியாது. கதவைக் கழற்றி அதில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தோம், முப்பது வருடத்துக்கு முன் நாங்கள் வாழைக்குற்றியில் மிதந்த அதே இடத்தால். உம்மா கலிமாச் சொல்லிக்கொண்டே வந்தவர், பள்ளிவாசல் பக்கம் மேட்டில் ஏற்றியதும் ஒரு வார்த்தை சொன்னார்: "தரவை வந்திட்டு மகன்." வெள்ளம் வந்துவிட்டது என்று சொல்லவில்லை.

அந்த வாரம் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளிப் பாதையில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பாதைக்கு இரண்டு பக்கமும் தாழ்ந்த வெளி. அங்கே நடந்ததற்கும் எங்கள் ஊரில் நிரப்பியதற்கும் முடிச்சுப் போட நாங்கள் வரவில்லை, அது சரியுமில்லை. அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் ஒவ்வொரு நாளும் பாடம் எடுக்கிறோம் என்பதைத் தவிர அதைப் பற்றி எழுத எங்களால் முடியவில்லை. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்ளட்டும்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போய் மூத்தாப்பாவின் வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதினோம். பிறகு எல்லோரும் வீட்டில் வயதானவர்களிடம் தரவை என்றால் என்ன என்று கேட்டு எழுதி வரச் சொன்னோம். மறுநாள் இருபத்தொரு கொப்பி வந்தது. மாடு கட்டுகிற இடம் என்று சிலர். பன் வெட்டுகிற இடம் என்று சிலர், அவர்கள் எல்லோரும் மூத்தம்மாவிடம் கேட்டவர்கள். ஒருவன், "ஜின் இருக்கிற இடம், மஃரிபுக்குப் பிறகு போகக்கூடாது" என்று எழுதியிருந்தான். அதையும் சரி போட்டோம். கல்முனைக்கு உம்மாவின் சொந்தம் உள்ள மகன் ஒருவன், அங்கே தரவைப் பிள்ளையார் கோவில் இருக்கிறதே, அதுவும் இதுதானா என்று கேட்டிருந்தான். அதே சொல்தான், மகன். தமிழ் ஆட்களுக்கும் எங்களுக்கும் தரவை ஒன்றுதான். மாடு மேய்க்கிறவர்களும் வயல் செய்கிறவர்களும் மேய்ச்சல் தரைக்காக இன்று நீதிமன்றம் வரை போகிறார்கள் என்றால், இரண்டு பேருக்கும் இடையில் படுத்துக்கிடந்த நிலம் குறுகிப்போனதும் ஒரு காரணம்.

கேள்வி கேட்ட பிள்ளை கடைசியாகக் கொப்பியைத் தந்தாள். அவளுடைய மூத்தம்மா சொன்னதாக எழுதியிருந்தாள்: "எங்க வீட்டுக் கிணத்துக்குப் பக்கத்துல இப்பயும் பன் முளைக்கிது. ஒவ்வொரு மாரியும் புடுங்குற."

எங்களுக்கு ஒரு மகள். வயது ஒன்பது. ஒன்பது வயதுக்கே ஊரில் கேள்வி தொடங்கிவிட்டது, "மகளுக்குக் காணி பாக்கல்லயா சேர்?" என்று. மனைவியும் ஆசிரியைதான். இரண்டு சம்பளம், இரண்டு கடன். மணல் மேட்டில் ஒரு பேர்ச்சின் விலை எங்களுக்கு எட்டாது. பாடசாலைக்குப் பின்னால் தரவையின் கடைசித் துண்டு இன்னும் நிரப்பாமல் கிடக்கிறது, ஏழெட்டு ஏக்கர் வரும். இப்போது அதைத் துண்டு போடுகிறார்கள். எங்கள் விலைக்கு உள்ளது அது மட்டும்தான். மனைவி மூன்று இரவாக அதைப் பற்றியே பேசுகிறார். அவர் பேசுவதில் நியாயம் இருக்கிறது. மகளிடம், உனக்கு வீடில்லை, ஆனால் உன் மூத்தாப்பாவின் வாப்பா நல்ல வரைவிலக்கணம் சொன்னவர் என்று சொல்ல முடியாது. சீதன வீட்டு வழமையே பிழை, அதை நிறுத்துங்கள் என்று சொல்வது சுலபம். மேடையில் நாங்களும் சொல்லியிருக்கிறோம்.

நேற்று அசருக்குப் பிறகு தரகர் அழைத்தார். ஞாயிறு வந்தால் எல்லைக்கட்டை போட்டுக் காட்டுவாராம், இந்த மாதம் அட்வான்ஸ் கட்டினால் பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைத்துத் தருவாராம். கார்த்திகை மட்டும் பொறுங்கள், இரண்டு மழை விழுந்த பிறகு வந்து பார்க்கிறோம் என்றோம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார்.

"என்ன சேர் நீங்க, மாரியில யாராவது காணி பாக்க வருவாங்களா?"